முன்படி முத்துத்தாய், பின்படி பூமிநாதன்

முன்படியில் முத்துத்தாய் ஏறினால் பின்படியில் பூமிநாதன் ஏறுவார். எம்.ரெட்டியபட்டியில் இந்த ஏற்பாட்டுக்கு நாற்பத்தாறு வயது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே சீட்டில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஊர் பார்த்துச் சிரிக்காதா என்பது முத்துத்தாயின் கட்சி. ஆனால் இருவரும் பிரிந்து உட்கார்ந்து நடத்துகிற கூத்தைத்தான் பஸ்ஸே பார்த்துச் சிரிக்கிறது. கண்டக்டர் தங்கசாமி டிக்கெட் கொடுப்பதை மறந்து வேடிக்கை பார்த்த நாட்களும் உண்டு.

பஸ் கிளம்பி இரண்டு நிமிடம் ஆகாது, முன்னாலிருந்து முதல் தாக்கல் புறப்படும். "எம்மா, அவுக மாத்திரை போட்டாகளான்னு கேளு." கேட்டவள் தன் பின்னால் இருப்பவளிடம் சொல்ல, அவள் கம்பியைப் பிடித்து நிற்பவரிடம் சொல்ல, ஏழெட்டுத் தலை தாண்டிச் சேதி கடைசி சீட்டுக்குப் போய்ச் சேரும். பூமிநாதன் ஒரு நாளும் நேராகப் பதில் சொன்னதில்லை. "ஏன், போடலன்னா வந்து ஊட்டி விடுவாளாமா?" என்று திருப்பி அனுப்புவார். நடுவில் இருப்பவர்களும் சும்மா இருப்பதில்லை. ஒருமுறை அவர் அனுப்பிய சேதியோடு "சீலை எடுக்கப் போவமா?" என்று ஒரு குசும்பன் சேர்த்துவிட, முத்துத்தாய் மூன்று கலர் சொல்லி அனுப்பினார். முனகிக்கொண்டே மூன்றையும் எடுத்துக் கொடுத்தார் மனிதர்.

போன வியாழக்கிழமை மட்டும் முத்துத்தாய் முகத்தில் சிரிப்பைக் காணோம். அன்றைக்கு அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் பூமிநாதனுக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன். ஏற்கெனவே இரண்டு தேதியை ஏதேதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தவர். இனியும் தள்ளினால் அந்தக் கண்ணை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். "தம்பி, இன்னைக்கி மட்டும் அவுகளக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று முத்துத்தாய் சொன்னதற்குத் தங்கசாமியும் பெரிய மனுஷனாகத் தலையை ஆட்டி வைத்தார்.

பாதி வழியில், கருவேலங்காட்டுக்கு நடுவே கிளைப்பாதை பிரிகிற ஒரு விலக்கில் பஸ் நின்று கிளம்பியது. தங்கசாமி அப்போது முன்னால் யாருடைய கூடைக்கோ லக்கேஜ் போட மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வழக்கம்போலக் கேள்வி போனது.

"மாத்திரை போட்டாகளா?"

"ஆச்சாம்."

"கண்ணக் கசக்க வேணாம்னு சொல்லு."

"சரியாம்."

"ஆஸ்பத்திரிச் சீட்டு சட்டைப் பையில இருக்கான்னு கேளு."

"இருக்காம்."

முத்துத்தாய்க்குச் சுருக்கென்றது. மூன்று கேள்விக்கு மூன்று ஒழுங்கான பதிலா? நாற்பத்தாறு வருஷத்தில் நடக்காத அதிசயம் அல்லவா இது!

"நிப்பாட்டுங்க வண்டிய! அவுக உள்ள இல்ல!"

தங்கசாமி விசிலை ஊதிவிட்டுப் பின்னால் ஓடினார். கடைசி சீட்டில் பருத்தி வியாபாரி உதயகுமார் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். "பெரியவரு அந்த விலக்குல இறங்கிட்டாருண்ணே. என்ன கேட்டாலும் ஆமா சாமி போடச் சொல்லிட்டுப் போனாரு."

டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைப் பின்னால் எடுத்தார். பூமிநாதன் எங்கும் ஓடிவிடவில்லை. கொளுத்துகிற வெயிலில் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பி ஓடுகிற லட்சணமா இது? முத்துத்தாய் இறங்கி அவர் முன்னால் போய் நின்றார். செமத்தியாகத் திட்டு விழப்போகிறது என்று ஜன்னலுக்கு நாலு தலை எட்டிப் பார்த்தது.

"என்ன வந்துச்சு ஒங்களுக்கு?" அவ்வளவுதான் கேட்டார்.

"ஆபரேசன் ரூம்புக்குள்ள உன்னைய விட மாட்டாகளாம்ல. நர்சம்மா சொல்லுச்சு." பூமிநாதன் தலையைத் தூக்கவில்லை. "நீ இல்லாம எப்பிடி அங்க தனியாப் படுத்துக் கெடப்பேன்? பயமா இருக்கு முத்து."

முத்துத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. அதை முந்தானையால் துடைத்துவிட்டு, "அர மணி நேரந்தான். வாசல்லயே குத்தவச்சிருக்கேன். அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா நர்சம்மாகிட்ட எதாச்சும் கேட்டு விடுறேன். நீங்களும் உள்ள இருந்து எடக்கா ஒரு பதிலு சொல்லி விடுங்க. போதுமா?" என்றார்.

"கேக்கணும். மறந்துறக் கூடாது" என்று எழுந்தார் பூமிநாதன்.

பழக்கதோஷத்தில் பின்படிக்கு நடந்தவரைக் கையைப் பிடித்து இழுத்து முன்படியில் ஏற்றினார் முத்துத்தாய். பஸ்ஸில் ஒரே விசில். பக்கத்தில் இருந்த முனீஸ்வரி சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து இடம் விட்டாள். "இது லேடீஸ் சீட்டு..." என்று ஆரம்பித்த தங்கசாமி, முத்துத்தாய் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிக்கொண்டார்.

"செருப்பக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"கழட்டுங்கன்னா."

கழற்றினார். இரண்டையும் எடுத்துத் தன் பைக்குள் போட்டு, பையின் வாயை முடிச்சுப் போட்டு மடியில் வைத்துக்கொண்டார் முத்துத்தாய். இந்த வெயிலில், இந்த முள்ளுக்காட்டில், வெறுங்காலோடு இனி எந்த விலக்கில் இறங்கி ஓடுவார்?

அது இன்ஜினுக்குப் பக்கத்து சீட்டு. தகரத் தரை அனலாகக் கொதித்தது. பூமிநாதன் கால் மாற்றிக் கால் தூக்கிக்கொண்டிருந்தார். முத்துத்தாய் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே தன் செருப்பிலிருந்து காலை உருவிக்கொண்டு, இரண்டையும் அவர் பாதத்துக்கு அடியில் தள்ளி விட்டார்.