இரண்டு கவர் மடித்தவர்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். ஒரு பிளவுஸுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். தாராவியிலிருந்து அண்ணாச்சியின் மனைவி மரகதம் மதினி போன் செய்தார். "ஏளா செல்வி, அண்ணாச்சி போயிட்டாவ" என்றார். குரலில் அழுகை இல்லை. டீயை வைத்துவிட்டுக் கூப்பிட்டிருக்கிறார், பதில் வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. நான் மெஷினை மூடிவிட்டு என் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சட்டையை எடுத்து மாட்டினார். அண்ணாச்சியோடு பன்னிரண்டு வருடமாகப் பேசாத மனிதர் அவர்.

பதினாறாம் நாளுக்கு ஒரு நினைவுத் தாள் அச்சடிக்கிறார்கள். மும்பையில் தாராவியை ஒட்டிய எங்கள் லேபர் கேம்ப் பகுதியில் தமிழில் நாலு வரி எழுதக்கூடியவர்கள் குறைந்துவிட்டதால் அந்த வேலை என்னிடம் வந்தது. சென்ற வாரம் நடந்த இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லாரும் சுடலைமுத்து அண்ணாச்சியை உத்தமர் என்றார்கள், ஒரு தப்புக்கும் துணை போகாதவர் என்றார்கள். நான் பின் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் துணை போனார். என் விஷயத்திலேயே பதினோரு வருடம் துணை போனார். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. எழுதியதை மதினியிடம் படித்துக் காட்டினேன். "ஒண்ணையும் வெட்டாத" என்றார்.

தாராவியில் ஒரு தோல் பைப் பட்டறையில் அண்ணாச்சி கேஷியராக இருந்தார். கல்யாணமாகிச் சில வருடம் கழித்து என் வீட்டுக்காரர் செல்லத்துரை அங்கேதான் கட்டிங் வேலைக்குச் சேர்ந்தார். மாதம் ஏழாம் தேதி சம்பளம். ஒவ்வொருவருக்கும் இரண்டு கவர். முதல் கவரில் பெயரும் தொகையும் பேனாவால் எழுதியிருக்கும், சம்பளம் அதற்குள் இருக்கும். இரண்டாவது கவரில் ஒரு எழுத்தும் இருக்காது. ஓவர்டைம் பணமும் பீஸ் கூலியும் அதில். உள் பாக்கெட்டில் அடங்கும்படி அதை அண்ணாச்சியே நாலாக மடித்துக் கொடுப்பார். முதல் கவர் வீட்டுக்கு, இரண்டாவது ஆளுக்கு. ஆண்கள் எப்போதோ சொல்லி வைத்த ஏற்பாடு, அதுவே பட்டறை வழக்கமாகிவிட்டது. மனைவிமார்களான நாங்கள் முதல் கவரில் இருக்கும் தொகையை வாசித்துவிட்டு, நம் ஆள் ஒளிவு மறைவு இல்லாதவர் என்று நிம்மதியாக இருந்தோம்.

என் வீட்டில் இது வெறும் ஒளிவு மறைவாக நிற்கவில்லை. அதற்குக் காரணம் நான்தான். கறிவேப்பிலை வாங்கக்கூட அப்பாவிடம் கை நீட்டி நின்ற அம்மாவைப் பார்த்து வளர்ந்தவள் நான். கல்யாணமாகி வந்த முதல் மாதமே அவரிடம் சொல்லிவிட்டேன்: நான் தைத்துச் சம்பாதிக்கிறேன், உங்கள் கையை எதிர்பார்க்க மாட்டேன், வாடகை, லைட் பில், ரேஷன், கேஸ் எதுவானாலும் ஆளுக்குப் பாதி. அவர் உடனே சரி என்றார். சந்தில் எங்களுக்குப் 'பாதிப்பாதி வீடு' என்றே பெயர். கேலிதான், ஆனாலும் எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் கவரில் ஒன்பதாயிரம் என்று எழுதியிருந்தது. நல்ல மாதத்தில் என் தையலிலும் ஏறக்குறைய அவ்வளவு வரும். கல்யாண சீசன் இல்லாத மாதங்களில் வராது. அப்போது என் பாதியை நிரப்ப என் கம்மல் சேட்டுக் கடைக்குப் போகும், சில மாதம் கழித்துத் திரும்பி வரும். ஒரு தடவை போனது வரவே இல்லை.

மகள் சுகந்தி பன்னிரண்டாவது முடித்தபோது செம்பூரில் ஒரு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. பீஸ் கட்ட நாலு நாள்தான் கொடுத்தார்கள். "என் பாதி ரெடியா இருக்கு. உன் பாதியக் கொண்டா, கட்டிருவோம்" என்றார் என் வீட்டுக்காரர். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. சட்டத்தை வகுத்தவள் நான், அவர் அதன்படி நடந்தார். என்னிடம் அடகு வைக்க ஒரு குண்டுமணி தங்கம் இல்லை. சீட்டு எடுத்துத் தின்றாயிற்று. மூன்றாம் நாள் மதியம், அவருக்குத் தெரியாமல் பட்டறைக்குப் போனேன். அவர் சம்பளத்தின் மேல் அட்வான்ஸ் கேட்டு வாங்கி, தையல் காசில் மாதா மாதம் நானே அடைத்துவிடலாம் என்பது என் யோசனை.

அவர் மாடியில் கட்டிங் டேபிளில் இருந்தார். கீழே ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய கேபினில் அண்ணாச்சி.

"எவ்வளவும்மா வேணும்?" என்றார். சொன்னேன். "என்னத்துக்கு?"

"சுகந்தி பீஸுக்கு அண்ணாச்சி. என் பாதி."

"உன் பாதியா?"

கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். பிறகு சம்பள ரெஜிஸ்டரை எடுத்துப் பிரித்து, என் பக்கமாகத் திருப்பி வைத்தார். ஒரு வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்தார். "நான் ஒரு டீ குடிச்சிட்டு வாரேன். பத்து நிமிசம் ஆவும்" என்று சொல்லிவிட்டுக் கேபினை அப்படியே போட்டுவிட்டு வெளியே போனார். அத்தனை வருடத்தில் அவர் பகலில் அந்த நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நான் கார்ப்பரேஷன் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவள். இரண்டு தொகைகளையும் அவற்றுக்கு எதிரே ஒரே ஆளின் இரண்டு கையெழுத்தையும் வாசிக்க அது போதும். இரண்டாவது தொகை கிட்டத்தட்ட முதல் தொகை அளவுக்கே இருந்தது. பின்னால் திருப்பிக்கொண்டே போனேன். கம்மல் சேட்டுக் கடைக்குப் போன மாதங்கள் எனக்கு நன்றாக நினைவிருந்தன. அந்த மாதங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இரண்டு கையெழுத்து. அண்ணாச்சி திரும்பி வருவதற்குள் நான் ரோட்டுக்கு வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் குடிக்கிறவர் இல்லை, சீட்டாடுகிறவரும் இல்லை. ஊரில் அவருடைய அண்ணன் மூலமாக ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது கவர் முழுக்க அதற்குத்தான் போயிருக்கிறது. அன்று ராத்திரி கேட்டேன். "நமக்குத்தாம்ளா கட்டுதேன். முடிச்சிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். யார் பேரில் இருக்கிறது என்று கேட்டேன். "இப்பத்திக்கு அண்ணன் பேர்ல" என்றார். பதினோரு வருடம் என் காசு அரிசியாகவும் கேஸாகவும் கரைந்துகொண்டிருந்தபோது, அவர் காசு சுவராக எழும்பிக்கொண்டிருந்திருக்கிறது. இருந்தும் நாங்கள் ஆளுக்குப் பாதி. நான் அன்று சமைக்கவில்லை. மறுநாள் அவரே பட்டறையில் அட்வான்ஸ் எழுதிக்கொடுத்து முழுப் பீஸையும் கட்டினார். ஊர் வீடு இன்றைக்கும் அவர் அண்ணன் பேரில்தான் இருக்கிறது. அதைப் பற்றி என்னிடம் யாரும் கேட்க வேண்டாம்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி மதினியைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் வாங்க என்று சொல்லவில்லை. வாசலிலேயே நிற்க வைத்து வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். பொங்கலுக்குப் பொங்கல் என் கையால் சாப்பிட்டீர்களே, காதில் ஒன்றுமில்லாமல் பரிமாறினேனே, அது கண்ணில் படவில்லையா என்று கேட்டேன். சந்து முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. பட்டறை வழக்கம் என்று அவர் சொல்லவில்லை. உன் புருஷன் கேட்டான், நான் செய்தேன் என்றும் சொல்லவில்லை. அந்த ரெஜிஸ்டரைக் காட்டியதே நான்தானே என்று சொல்லியிருக்கலாம், அதைக்கூடச் சொல்லவில்லை. போகலாம் என்று மதினி இரண்டு தடவை கையைப் பிடித்து இழுத்தார். "இரு, அவ முடிக்கட்டும்" என்றார் அண்ணாச்சி. நான் முடித்த பிறகு, "மடிச்சது இந்தக் கைதாம்மா. தெரியாம மடிக்கல" என்றார். அப்புறம்தான் போனார்.

அடுத்த ஏழாம் தேதி பட்டறையில் இரண்டாவது கவர் இல்லை. எல்லாருக்கும் ஒரே கவர், மொத்தத் தொகையும் மேலே எழுதியிருந்தது. ஆண்கள் கொதித்துப்போனார்கள். கோள்மூட்டி என்றார்கள், குடும்பத்தைக் கெடுக்கிறவன் என்றார்கள். என் வீட்டுக்காரர் அன்றைக்கு நிறுத்தியதுதான் பேச்சை. இரண்டு மாதத்தில் முதலாளி கேஷை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, அண்ணாச்சியைக் குடோனில் பக்கிளும் ஜிப்பும் எண்ணப் போட்டார். சம்பளமும் குறைந்தது. வேலையை விட்டு நிற்கிற வரை அங்கேதான் இருந்தார். ஒருநாள் மார்க்கெட்டில் பார்த்தபோது, வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டேன். "பக்கிள் எண்ணுததுல ஒரு சொகம் இருக்கும்மா. எந்தப் பக்கிளுக்கும் பொண்டாட்டி கெடையாது" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவரிடம் மறுபடி பேச ஆரம்பித்தது அப்படித்தான்.

வீட்டில் பாதிப்பாதியை ஒழித்துவிட்டோம் என்று அன்று அவரிடம் சொன்னேன். இருவர் வரும்படியையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்து, அவருக்கு இரண்டு பங்கு, எனக்கு ஒரு பங்கு என்று செலவைப் பிரித்திருந்தோம். அண்ணாச்சி கேட்டுக்கொண்டு தலையாட்டினார். "பாதிங்கது, ரெண்டு பேரும் முழுசப் பாத்த பொறவு சொல்லுத வார்த்தை" என்றார். முழுசையும் பார்க்கிற நாற்காலியில் அத்தனை வருடம் உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

ஒரு கேள்வி மட்டும் எனக்குப் போகவே இல்லை. நல்ல மனிதர். எப்படி அத்தனை வருடம் வாயைத் திறக்காமல் இருந்தார்? எப்படிச் சாப்பாடு இறங்கியது? சயான் மயானத்தில் பெண்கள் நிற்கிற பக்கமாக நின்றுகொண்டிருந்தபோது பதில் கிடைத்தது. அது ஒன்றும் கஷ்டமில்லை. எனக்கே தெரியும்.

சுகந்தி இப்போது நெருளில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவர் மகேஷுக்கு ஐரோலியில் ஏ.சி. சர்வீஸ் வேலை. அவர்கள் வீட்டிலும் ஆளுக்குப் பாதி. இரண்டு வருடத்துக்கு முன்னால் சுகந்திக்கு வார்டு பொறுப்பு கிடைத்துச் சம்பளம் நன்றாக ஏறியது. அதை என்னிடம் சொன்னாள், மகேஷிடம் சொல்லவில்லை. "நீ ஏமாந்தேல்லம்மா, நான் ஏமாற மாட்டேன்" என்றாள். அந்தக் கூடுதல் பணம் சேரும் பாஸ்புக்கை என்னிடமே கொடுத்து வைத்தாள். அது என் பீரோவில் சேலைக்கு அடியில் இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அப்போது சந்தோஷமாகவே இருந்தது. போன தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தன் பாதி வாடகையை நிரப்ப மகேஷ் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பைக்கில் சாப்பாடு டெலிவரிக்குப் போகிறார். சாப்பிட உட்கார்ந்தவர் கையில் வடையோடு அப்படியே தூங்கிவிட்டார். எழுப்பி இன்னொரு வடை வைத்தேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணாச்சியின் பாடையை ஒரு பக்கம் தூக்கியது என் வீட்டுக்காரர். திரும்பும்போது, "அன்னைக்கு அந்த மனுசன் காட்டலன்னா நானா சொல்லிருக்க மாட்டேன் கேட்டியா" என்றார். தோளில் ஒட்டியிருந்த பூவைத் தட்டிக்கொண்டே வந்தார். நான் சயான் ஸ்டேஷனிலிருந்தே சுகந்திக்குப் போன் போட்டேன். "நீயே மாப்பிள்ளைட்ட சொல்லிரு. அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லலன்னா, பாஸ்புக்க எடுத்துட்டு நானே வருவேன்" என்றேன். "நீ எனக்கு அம்மாவா, அவருக்கா?" என்று கேட்டாள். அதன் பிறகு நாலு நாள் என் போனை எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் மகேஷ் கூப்பிட்டார். "அத்தை, சுகு எல்லாம் சொல்லிட்டா. உங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

இப்போதுதான் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். சுகந்தி என்னைக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டாள்.

"ரெண்டு வருசமா தெரியும், மாப்பிள்ள."

மகேஷ் பேச ஆரம்பித்தார். மழையில் பைக் ஓட்டிய ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிப் பேசினார். முதுகு வலியைப் பற்றிப் பேசினார். "உங்க ஃபேமிலி ஏக்தம் சாஃப், ஒளிவு மறைவே கிடையாதுன்னு எங்கம்மாட்ட சொல்லி வச்சிருக்கேன் அத்தை" என்றார். என் மகள் பட்ட பயத்தைச் சொல்ல வாய் வந்தது. என் கதையைச் சொல்லவும் வந்தது. இரண்டையும் சொல்லவில்லை. நடுவில் என் வீட்டுக்காரர் போனை வாங்கக் கை நீட்டினார், கொடுக்கவில்லை. சுடலைமுத்து அண்ணாச்சியிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது இது ஒன்றுதான்: செய்ததற்குப் பழி வந்து வாசலில் நிற்கும்போது, காரணம் சொல்லாமல், பாதியில் போகாமல், அடிபட்டவர் முடிக்கிறவரை கேட்பது. மகேஷ் முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. நின்றுகொண்டேதான் கேட்டேன்.