சாத்தானுக்கு மட்டும் கைதட்டல்

ஸொம்பா நகரில் எங்கள் சபைக்கு நாடகம் எழுதுகிறவள் எனிஃபா. தொழில் தையல். மாதர் சங்கத்தின் வெள்ளைச் சட்டைகளுக்கு அளவு குறிக்கும் நோட்டைத் திருப்பினால் பின்பக்கத்தில் நாடகம் இருக்கும். அறுப்புப் பண்டிகைக்கு ஆண்டுக்கு ஒன்று. ஆறு ஆண்டுகளாக அவள் ஆண்டவருக்காகத்தான் எழுதினாள். ஆறு ஆண்டுகளாகக் கைதட்டல் வாங்கியது சாத்தான்.

சாத்தான் வேஷம் போடும் மகினெசி, சந்தையில் பொரித்த மீன் விற்பவள். அவள் வாய்க்குச் சபையில் ஈடு கிடையாது. அது பாதிக் காரணம். மீதி எழுத்தில் இருந்தது. சாத்தானுக்கு எழுதும்போது எனிஃபாவின் பேனா ஓடும். நல்லவனுக்கு எழுத உட்கார்ந்தால் முழங்கால் போட்டுவிடும். நல்லவன் வாயைத் திறந்தாலே ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு மாதிரி இருக்கும். இரண்டு பேராவது தூங்குவார்கள். ஒருவர் போதகர்.

நல்லவனாக நடிப்பவர் மூப்பர் கச்சாலே. இந்த ஆண்டு மூப்பர் கூட்டம் எடுத்த முடிவை அவளிடம் கொண்டுவந்தவரும் அவரே.

"எங்க வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் சாத்தான் மாதிரியே சிரிக்குதுங்கம்மா. ஒண்ணாவது என்னை மாதிரி ஜெபம் பண்ணிக் காட்டுச்சா? இந்த வருஷமும் சாத்தான்தான் ஜெயிப்பான்னா, இதுதான் கடைசி நாடகம்."

"அப்ப சாத்தான் பேச்சைக் குறைச்சிரட்டுமா ஐயா?"

"குறைச்சா அரைமணி நேரமும் நான்தானே பேசணும்?" மூப்பருக்கே பயம்.

எனிஃபா மூன்று வாரம் எழுதிக் கிழித்தாள்.

ஒரு சனிக்கிழமை சோளம் அரைக்க மில்லுக்குப் போனாள். எங்கள் மில் வரிசையில் வாளிகள்தான் நிற்கும். ஆட்கள் மாமர நிழலில் இருப்பார்கள். திரும்பிப் பார்த்தபோது அவள் வாளி மூன்று இடம் பின்னால் போயிருந்தது. அது இருந்த இடத்தில் லோனெசியின் பச்சை வாளி. லோனெசி பாடகர் குழுவில் முன்வரிசை.

எனிஃபா உள்ளுக்குள் சொன்னாள்: "அப்பா, இவளை மன்னிக்கணும்னு தெரியும். மனசு வரல. அந்த வாளிய உதைக்காம நிக்கறதுதான் இன்னிக்கு என்னால முடிஞ்சது. மிச்சத்த நீங்களே பாத்துக்கங்க."

சொல்லி முடித்ததும் திகைத்தாள். இப்படி ஜோடனை இல்லாமல் ஜெபித்து எத்தனை காலமாயிற்று? ஜெபத்திலும் இத்தனை நாள் அறிவிப்புதான் வாசித்திருக்கிறாள். மாவு படிந்த கையோடு வீட்டுக்கு வந்து, அதை அப்படியே நல்லவன் வாயில் வைத்தாள்.

ஒத்திகையில் மூப்பர் கொதித்தார். "பரிசுத்தவான் வாளிய உதைக்க நினைப்பானா?"

"நீங்க நினைச்சதே இல்லையா ஐயா?"

மூப்பர் கூரையைப் பார்த்தார்.

"சொல்லுங்க மூப்பரே," என்றாள் மகினெசி. "சாத்தான் கேட்டுட்டுதான் இருக்கேன்."

பண்டிகையன்று மகினெசி வாளியைச் சுற்றிச் சுற்றி ஆடினாள். "உதைடா! ஒருத்தரும் பாக்கல!" மூப்பர் காலைத் தூக்கினார், தூக்கிய காலோடு அந்த ஜெபத்தைச் சொன்னார். சபை உருண்டு சிரித்தது. சிரிப்பு ஓய்ந்த இடத்தில், யாரும் கேட்காமலே, பின்வரிசையிலிருந்து ஓர் ஆமென். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள் லோனெசி. மேடை வாளியும் பச்சை என்பதை அவள் கவனிக்கவில்லை.

மூப்பர் இறங்கியதும் எனிஃபாவிடம் வந்தார். "அடுத்த வருஷம் என் பேச்சை அரைமணி நேரமா ஆக்கிருங்கம்மா."

கழற்றிய கொம்பைக் கையில் பிடித்திருந்த மகினெசி முறைத்தாள்.

லோனெசியை மன்னித்தாயிற்றா என்று நான் எனிஃபாவிடம் கேட்டேன்.

"பாதி," என்றாள். "மீதிய எழுதித்தான் பாக்கணும்."