என் கடையைக் கண்டால் கத்தும் போன்

கோர்வையாக எழுத எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. பாதி எழுதும்போதே மீதி மறந்துவிடும். வாராவாரம் பொறுத்துக்கொள்கிறீர்கள் — இந்த வாரமும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நடந்தது இது. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

உப்பளம் மைதானத்துக்குப் பக்கத்தில் என் பெட்டிக்கடை இருப்பது உங்களுக்குத் தெரியும். டீ, பன், பொறை, சிகரெட். காலையில் மைதானத்தில் ஓடுகிற பையன்கள்தான் முதல் போணி. எல்லாம் போலீஸ் வேலைக்கு ஓடுகிறவர்கள். ஓடி முடித்து மூச்சு வாங்க வருவார்கள். வந்ததும் என்ன செய்வார்கள்? சிகரெட் பற்றவைப்பார்கள்! வெள்ளைச் சட்டையை வெளுத்துக் காயப்போட்டு, அதன் கீழேயே அடுப்பு மூட்டுகிற மாதிரி... இது என்ன கணக்கோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவர்களில் ஒருவன் சதீஷ். வீராம்பட்டினத்துப் பையன். அவன் அம்மா செல்வி எங்கள் தெருக்களில்தான் மீன் விற்கிறாள். என்னை அக்கா என்பாள். அதனால் இவனுக்கு நான் பெரிம்மா.

வயது வரம்பைப் பார்த்தால் சதீஷுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. ஓட்டத்தில் தேறினால்தான் எழுத்துப் பரீட்சைக்கே கூப்பிடுவார்கள். போன தடவை கடைசி ரவுண்டில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டான்.

"கால் ஓடுது பெரிம்மா. நெஞ்சுதான் ஓட மாட்டேங்குது" என்றான் ஒருநாள். அன்றைக்குத்தான் போனில் ஒரு ஆப் போட்டுக்கொண்டான். சிகரெட்டை விடுவதற்கென்றே இருக்கிற ஆப்பாம். இந்தக் காலத்தில் எதற்குத்தான் ஆப் இல்லை?

எங்கெங்கே புகைப்பாய் என்று அது முதலில் கேட்குமாம். இவன் ஒரே ஒரு இடத்தைக் காட்டியிருக்கிறான் — என் கடையை. அந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்தாலே போன் எச்சரிக்கும். ஆசை வந்தால் தண்ணீர் குடி, மூச்சை இழுத்து விடு, கொஞ்ச நேரம் தாக்குப்பிடி என்று சொல்லும்.

"அலை மாதிரி ஏறுமாம், அப்புறம் தானா எறங்கிடுமாம். வீராம்பட்டினத்துக்காரனுக்கே அலையப் பத்திச் சொல்லுது பாரு பெரிம்மா!" என்று சிரித்தான்.

இதுவரை சரி. அடுத்ததில்தான் மாட்டிக்கொண்டான். எச்சரிக்கை உங்களுக்குப் பிடித்தவர் குரலில் இருந்தால் நல்லது, பதிவு செய்யுங்கள் என்றிருக்கிறது ஆப். இவனுக்குப் பிடித்தவர் அம்மா. ஆனால் இவன் புகைப்பதே அம்மாவுக்குத் தெரியாது! எப்படிப் பேசச் சொல்வான்? யோசித்து, 'காலையில எழுப்ப அலாரம் வெக்கணும்மா, பேசு' என்று சொல்லிவிட்டான். செல்வியும் பேசிக் கொடுத்துவிட்டாள்.

விளைவு? அவன் என் கடையை நெருங்கும்போதெல்லாம் பாக்கெட்டிலிருந்து செல்வி கத்துவாள்.

"டேய் சதீசு! எழுந்துருடா! விடிஞ்சு எவ்ளோ நேரம் ஆவுது, இன்னும் என்னா கெடக்கற? ஓடு... ஓடுடா!"

இவனும் ஓடிவிடுவான். நிஜமாகவே ஓடுவான்.

ஆட்டோ ஓட்டுகிற மூர்த்திக்குக் காலைப் பொழுது போவதே இதில்தான். "அக்கா, பேய் வூட்டப் பார்த்தா ஓடுவாங்க. உன் கடையப் பார்த்து ஒருத்தன் ஓடறானே!" என்பார். நான் பாட்டுக்கு டீயை ஆற்றுவேன். ஆனால் ஒன்று. சிரிப்புக்கு நடுவிலும் அந்தப் பையன் ஓடிக்கொண்டுதான் இருந்தான். கூட ஓடுகிறவர்கள் கேலி செய்தார்கள், பேர் வைத்தார்கள். ஆப்பை மட்டும் அவன் போனிலிருந்து எடுக்கவில்லை.

போன வாரம் ஒரு காலை. சதீஷ் வந்தான். போன் கத்தவில்லை. முகம் இருண்டிருந்தது. அன்றைக்குப் பயிற்சியில் டைமிங் எடுத்திருக்கிறார்கள். தேற வேண்டிய நேரத்துக்குள் வரவில்லை. போனிலும் சார்ஜ் இல்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் மாதிரிக் கடைகளில் வாடிக்கைக்காரர் வாயைத் திறந்து கேட்க வேண்டியதில்லை. ஆளைக் கண்டதும் அவரவர் சிகரெட் தானாக மிட்டாய் பாட்டில் மூடி மேல் வந்துவிடும். அதைத்தான் நல்ல வியாபாரம் என்பார்கள். என் கைக்கு ஆப் பற்றி என்ன தெரியும்? சதீஷைக் கண்டதும் அது பாட்டுக்கு எடுத்து மூடி மேல் வைத்துவிட்டது.

அவன் அதையே பார்த்தான். நானும் பார்த்தேன்.

"இன்னிக்கு ஒண்ணு மட்டும் பெரிம்மா" என்றான்.

கடை வைத்த நாளிலிருந்து இந்த வார்த்தையைத்தானே கேட்கிறேன்! இன்றைக்கு ஒன்று மட்டும் என்று தொடங்கியவர்களுக்கு இன்றைக்குப் பேரன் பிறந்தாயிற்று. அந்த ஒன்று இன்னும் முடியவில்லை.

எனக்கு நாலு வார்த்தை நல்லதாகப் பேச வராது. கையை நீட்டினேன்.

"போனக் குடு. சார்ஜ்ல போடறேன்."

"போன் கெடக்குது பெரிம்மா. காசு குடுத்துத்தான கேக்கறேன்? நீ இல்லாட்டி அடுத்த கடை."

"போ. போன வெச்சிட்டுப் போ."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவன் போனைக் கொடுத்தான். உள்ளே சார்ஜரில் செருகிவிட்டுத் திரும்பினால் மூடி மேல் சிகரெட் இல்லை! பார்த்தால்... மூர்த்தி அதை எடுத்துக் காதில் செருகிக்கொண்டிருக்கிறார்.

"உக்காருடா" என்றார் பெஞ்சைத் தட்டி. உட்கார்ந்தான். தண்ணீர் கொடுத்தேன். ஒரு பொறை கொடுத்தேன். கடிக்காமல் விரலால் நொறுக்கிக்கொண்டிருந்தான். கால் தானாக ஆடியது.

"அலை ஏறுதாடா?" மூர்த்தி.

"ஏறுதுண்ணா."

"எறங்குதா?"

"கொஞ்சம் மூடுண்ணா!"

செத்த போனுக்கு உயிர் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்த நேரம்தான் வேலை செய்தது. கால் ஆடுவது மெல்ல நின்றது. பொறை வாய்க்குள் போனது. அப்போது பார்த்து உள்ளேயிருந்து போன் கண் விழித்தது. தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்ததும் அலறியது.

"டேய் சதீசு! எழுந்துருடா!"

அதே நேரம் தெருமுனையில் இன்னொரு செல்வி. தலையில் மீன் அன்னக்கூடையோடு. "யாருடா அது என்னப் போலயே கத்தறது?"

மூர்த்தி ஆட்டோவைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

செல்வி வந்தாள். மகனைப் பார்த்தாள். போன் இருந்த பக்கம் பார்த்தாள். "எழுப்பறதுக்குன்னுதான கேட்ட? நீ முழிச்சிட்டுத்தான இருக்கற... இங்க எதுக்கு அடிக்குது?"

அவன் எழுந்து நின்றான். "மா... நான் தம் அடிக்கறேன்மா. வுட்டுட்டிருக்கேன். இந்தக் கடைகிட்ட வந்தா போன் அடிக்கற மாதிரி வெச்சிருக்கேன்."

செல்வி கூடையை இறக்கினாள். அடித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீயாக்கா குடுத்த?"

தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

செல்வி முந்தானையில் கையைத் துடைத்தாள். "அழி அத."

"ஆப்பையா? வேணாம்மா, அதுதான் எனக்கு..."

"ஆப்ப இல்லடா, என் பேச்ச! தூங்கறவன எழுப்பறதுக்குப் பேசனது அது. இதுக்கு வேற பேசணும். குடு."

போனை வாங்கிக்கொண்டாள். நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டோம். மூர்த்தி துடைப்பதைக்கூட நிறுத்திவிட்டார். மூன்று தெருவுக்குக் கேட்கிற குரலல்லவா! நன்றாகத் திட்டப்போகிறாள் என்று பார்த்தால்... போனை உதட்டோடு ஒட்டிக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பி, மெதுவாகப் பேசினாள். ஒரு வார்த்தைகூட எங்களுக்குக் கேட்கவில்லை. செல்விக்கு மெதுவாகப் பேச வரும் என்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சதீஷ் ரொம்ப நேரம் ஷூ லேஸையே கட்டிக்கொண்டிருந்தான். அப்புறம் மைதானத்துக்குள் போய்விட்டான். ஒருமுறை ஓடி முடித்தவன், மறுபடியும்.

அன்றைக்கே நானும் ஒரு வேலை செய்தேன். சிகரெட் அட்டைப்பெட்டியைப் பின்னால் மேல்தட்டில் ஏற்றிவிட்டேன். ஸ்டூல் போட்டு ஏறித்தான் எடுக்க வேண்டும். முட்டி வலிக்கிறது. வலிக்கட்டும்! மறுநாள் என் கை பழைய இடத்துக்குத்தான் போனது. கடலை மிட்டாயோடு திரும்பி வந்தது. மூடி மேல் கடலை மிட்டாயைப் பார்த்து ஒரு பையன் என்னை முறைத்தான். பிறகு அதையே தின்றுகொண்டு போனான்.

விற்பதை நிறுத்திவிட்டேன் என்று பொய் எழுத மாட்டேன். வாய் திறந்து கேட்டால் கொடுக்கிறேன். ஆனால் கேட்டால்தான். நான் ஸ்டூலை இழுத்து, ஏறி, தேடி, இறங்குவதற்குள் அவர்கள் மனது மாறினால் எனக்கு நஷ்டமில்லை. அந்த ஆப்பும் அவ்வளவுதானே செய்கிறது? கேட்கிற கைக்கும் கொடுக்கிற கைக்கும் நடுவில் கொஞ்சம் நேரத்தை வைக்கிறது. மிச்சத்தை அந்தப் பிள்ளைதான் செய்ய வேண்டும். செய்கிறான்.

ஓட்டத் தேர்வு இன்னும் வரவில்லை. தேறுவானா, தெரியாது. கடைசி ரவுண்டில் இப்போது உட்காருவதில்லை என்று மூர்த்தி சொல்கிறார்.

விவரம் தெரிந்தவர்கள் யாராவது இதைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். அந்த ஆப் எல்லாப் போனிலும் வருமா, நெட் இல்லாவிட்டாலும் கத்துமா, நான் எழுதியதில் எது தப்பு? சதீஷையே கேட்டிருப்பேன்...

அவன் எங்கே என் கடையில் நிற்கிறான்?