பின்காற்றும் இரட்டைத் தோணியும்

எதிர்காற்றில் தோணி விடுகிறவனைப் பார்த்தால் ஊர் இரக்கப்படும். பின்காற்றில் விடுகிறவனைப் பார்த்தால் ஊர் சிரிக்கும். தண்ணீரில் பிழைப்பு நடத்தும் சக பாவிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ரயிலேற வேண்டுமானால் சாத்தூருக்கு வண்டி கட்ட வேண்டியிருந்த காலம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே எங்கள் கண்மாய். மேற்கே தோப்புகள், கிழக்கே கரை, கரைக்கு அப்பால் சந்தை. கண்மாய் நிரம்பி உபரித் தண்ணீர் மறுகால் பாய்ந்தால் வண்டிப்பாதை அடைபடும். அப்போது என் தோணிதான் வழி. குடைந்த பனைமரம் இரண்டு, நடுவே இரண்டு முழம் இடைவெளி விட்டு மேலே பலகை, ஒரு மூங்கில், பழைய வேட்டிகளைச் சேர்த்துத் தைத்த பாய். ஓட்டுவது நான் ஒருவன். ஆடியில் மலையிலிருந்து இறங்கும் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். நிறுத்தச் சொன்னால் கேட்காது.

துணிக்கடை ராவுத்தர்

முதல் சவாரி துணிக்கடை ராவுத்தர். மூட்டையோடு முன்பக்கம் உட்கார்ந்தார். காற்று நேர் பின்னால். ஆகா, என்ன வேகம் என்று நானே மெச்சிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு வீச்சு வந்தது; தோணியின் இரண்டு மூக்கும் தண்ணீருக்குள் போக, வால் மேலே எழும்ப, நான் பறந்து போய் ராவுத்தர் மேல் விழுந்தேன்.

நல்லவேளை, கரைக்குப் பக்கம், மார்பளவுத் தண்ணீர். ராவுத்தர் தொப்பியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "தம்பி, சாயம் போகுமான்னு துணியத்தான் நனைச்சுப் பாப்பாக. நீ யாவாரியவே நனைச்சுப் பாத்துட்டியே!"

முத்தக்காளின் தேங்காய்

அதற்குப் பிறகு தோணியில் ஏற ஆளில்லை. சரக்கை மட்டும் ஏற்றிவிட்டு, மறுகாலை முழங்கால் நனைய இறங்கிக் கடந்து, கரையோடு நடந்து வந்து எனக்காகக் காத்திருப்பார்கள். தென்னந்தோப்பு முத்தக்காளும் அப்படித்தான், நூறு உரிக்காத தேங்காயை ஏற்றிவிட்டு நடந்தாள். இந்த முறை சரக்கை நடுவில் வைத்தேன், புத்திசாலி. ஆனால் காற்று நேர் பின்னால் இருந்தால் பாய்க்கு எந்தப் பக்கம் நிற்பது என்றே தெரியாது. நடுக்கண்மாயில் அது படாரென்று மறுபக்கம் சாய்ந்தது. பாயின் அடிக்கம்பு என் பிடரியில் ஒன்று போட்டது. நானும் தேங்காயும் தண்ணீரில்.

தோணியைப் பிடித்து ஏறி நான் கரை சேர்ந்தபோது, முத்தக்காள் தேங்காய்களை எண்ணிக் குவித்து முடித்திருந்தாள். "எந் தேங்கா அம்புட்டும் தானா வந்து சேந்துட்டு. நீ எதுக்குலே கூட வாரே?"

இதைக் கேட்டுக் கரையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள், ஊர் நாட்டாமையைத் தவிர. "இன்னொருவாட்டி சரக்கு முங்குச்சுன்னா, தோணியக் கவுத்துப் போட்டுட்டுப் போயிரு" என்றார். மண்வெட்டியைக் கொடுத்தால் என் காலையே வெட்டிக்கொள்கிறவன் நான். தோணி போனால் எனக்கு வேறு கதியில்லை.

இராஜபாளையத்து நாய்

இராஜபாளையத்துக்காரர் ஒருவர் தம் வெள்ளை வேட்டை நாயை மட்டும் தோணியில் ஏற்றினார். மறுகாலில் அதன் கால் நனையக் கூடாதாம். நான் காற்றுக்கு நேராகப் போகாமல் கொஞ்சம் சாய்வாக, பிறகு மறுபக்கம் சாய்வாக விட்டுப் பார்த்தேன். பாய் ஒரு பக்கமாக ஒழுங்காக நின்றது. ஆனால் நாய் நிற்கவில்லை. பின்னால் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். திடுமென எழுந்து தோணியின் வாலண்டை போகும். மறுகணம் காற்று வீசும். இரண்டு தடவை அதை இழுத்து நடுவில் உட்கார்த்தினேன். இரண்டு தடவையும் தோணியின் மூக்கு முங்கப் பார்த்தது. மூன்றாவது தடவை, மானத்தை விட்டு நானும் நாயின் பின்னால் போனேன்.

ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறாமல் கரை சேர்ந்தோம். அவர் நாயைத் தட்டிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்: "ஏமய்யா, நாளைக்கும் தோணிக்கு நாய அனுப்பணுமா?"

சாமி மணி

மறுநாள் நாய் வரவில்லை, மணி வந்தது. கரைமேல் அய்யனாருக்கு வத்திராயிருப்பிலிருந்து வண்டியில் வந்த வெண்கல மணி. நாலு பேர் தூக்க வேண்டும். முங்கினால் அதுவும் போச்சு, என் பிழைப்பும் போச்சு. பூசாரி இரண்டு கட்டளை போட்டார்: மணி தரையில் படக்கூடாது, மணிக்கு முதுகு காட்டக்கூடாது.

முன்னால் வைத்தால் மூக்கு முங்கும். ஆகவே பின்னால் கவட்டுக்கம்பு கட்டி அதில் தொங்கவிட்டேன். முதுகு காட்டக்கூடாதே, அதனால் நான் திரும்பி மணியைப் பார்த்து உட்கார்ந்தேன். போகும் திசைக்கு முதுகைக் காட்டித் தோணி விட்டவன் இந்தச் சீமையில் நான்தான்.

அப்போதுதான் நாயின் சூட்சுமம் பிடிபட்டது. காற்று வருவது கண்ணுக்குத் தெரிகிறது! தொலைவில் தண்ணீர் கறுத்துச் சுருங்கி, அந்தச் சுருக்கம் என்னை நோக்கி ஓடி வருகிறது. அது தொடுமுன் தோணியின் வால் பக்கம் நகர்ந்தேன். தாண்டியதும் பாயை மறுபக்கம் மாற்றினேன். தோணி தடுமாறினால் மணி காட்டிக் கொடுத்துவிடும்; அது வாயே திறக்கவில்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

கரையில் எல்லோரும் கத்தினார்கள். வாழ்த்துகிறார்கள் என்று நினைத்தேன். மணியை வரவேற்க நாட்டாமை இடுப்பளவுத் தண்ணீரில் கைகூப்பி நின்றிருக்கிறார். தோணியின் இரண்டு மரமும் அவருக்கு இரண்டு பக்கமும் போக, நடுப்பலகை அவரை அப்படியே அமுக்கியது. மணி அப்போதுதான் முதன்முதலாக அடித்தது.

தோணிக்குப் பின்னால் தலைப்பாகை இல்லாமல் எழுந்தார் நாட்டாமை. மணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரக்கு முங்கக்கூடாதுன்னுதான் சொன்னேன். நான் சரக்கு இல்ல. நாளைக்கும் தோணிய விடுலே!"

பின்காற்றில் தோணி விட நான் கற்றுக்கொண்டேன். முன்னால் நிற்கிறவர்கள்தான் ஒதுங்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.