மேல்தொட்டிக்கு ஏற்றிய படங்கள்

குழாய்க்காரருக்குத் தெரு வைத்த பெயர் பாய்லர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டுவிட்டு யார் வாங்கிக் கட்டிக்கொள்வது? ஆனால் தொழிலில் மனிதரைக் குறை சொல்ல முடியாது. சுவரில் குழாய் பதித்ததும், பூச்சு வேலைக்கு முன்னால், ஒவ்வொரு வளைவையும் இணைப்பையும் போனில் படம் பிடித்து வைப்பார். அளவு தெரிய டேப்பை நீட்டிப் பிடிப்பது அவர் மனைவி. இப்படிப் பன்னிரண்டு வருடப் படங்கள். எந்த வீட்டில் கசிந்தாலும் படத்தைப் பார்த்து ஒரே ஒரு டைலை எடுப்பார், வேலை முடிந்துவிடும். 'சுவரை உடைக்காத ஆள்' என்று பேர் வாங்கியிருந்தார். அந்தப் பேருக்குத்தான் இன்றைக்கு ஆபத்து.

எல்லாம் மச்சானால் வந்த வினை. மனைவியின் தம்பி, போன் கடையில் வேலை. போனில் இடமே இல்லை என்று இவர் புலம்பிய நாளில், "கிளவுட்ல ஒரு அக்கவுண்ட் போட்டுடலாம் மாமா" என்று உட்கார்ந்தான். பாஸ்வேர்டில் ஒரு எண்ணாவது வேண்டும் என்றான். படபடவென்று எதையெதையோ தட்டினான்.

"இதெல்லாம் எங்கடா போகுது?"

"மேல்தொட்டி மாதிரி மாமா. கீழேருந்து மேல ஏத்திடுறோம். அவ்வளவுதான்."

தொட்டியைப் பற்றி இவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டுமா? ஏற்றிய தண்ணீர் மேலே பத்திரமாக இருக்கும். கீழ்த்தொட்டியைக் காலி செய்தால் என்ன குடிமுழுகிவிடும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக உட்கார்ந்து, போனில் இருந்த படங்களை ஒன்று விடாமல் அழித்தார். இடம் கிடைத்த சந்தோஷத்தில் அன்று யாரையும் திட்டக்கூட இல்லை.

அது நடந்து இரண்டு மாதம். இன்று காலை, எட்டு வருடத்துக்கு முன் அவர் குழாய் போட்ட வீட்டில் குளியலறைச் சுவர் கசிந்து, கீழ்வீட்டுக் கூரையில் சொட்டியது. வீட்டுக்காரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்த டைல்ஸ் இப்ப எங்கயும் கிடைக்காது. ஒண்ணுக்கு மேல உடைக்கிறதா இருந்தா நான் வேற ஆளைப் பாத்துக்குறேன்."

"ஒண்ணே ஒண்ணுதாம்மா" என்று தெம்பாகப் போனைத் திறந்தார். அக்கவுண்ட் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு படம் இல்லை. மச்சானை அழைத்தார்.

"போன்ல அழிச்சா அங்கயும் அழியும் மாமா. ரெண்டும் ஒண்ணா இருக்குற மாதிரிதான் செட்டிங் வெச்சேன்."

"அதை வாயைத் திறந்து சொல்றதுக்கு என்னடா?"

"நீங்க கேக்கலையே. அழிச்சது குப்பைங்கிற இடத்துல முப்பது நாள் இருக்கும், அதுல பாருங்க."

"ரெண்டு மாசம் ஆச்சுடா! கீழ காலி பண்ணா மேலயும் காலியாகுற தொட்டியை எந்த ஊர்லடா பாத்தே? பன்னெண்டு வருஷ உழைப்புடா, பாவி!"

கடையில் ஆள் நிற்கிறது என்று சொல்லி மச்சான் வைத்துவிட்டான். மிச்சக் கோபம் பக்கத்தில் நின்ற மனைவி மேல் பாய்ந்தது.

"உன் தம்பி லட்சணத்தைப் பாத்தியா? உங்க குடும்பத்துல ஒருத்தருக்காவது ஒரு வேலையை உருப்படியாச் செய்யத் தெரியுமா?"

அவள் டேப்பைச் சுவரில் வைத்துக்கொண்டிருந்தாள். "நாப்பத்தேழு" என்றாள்.

"என்ன நாப்பத்தேழு?"

"கதவு நிலையிலேருந்து நாப்பத்தேழு இஞ்ச். தரையிலேருந்து முப்பது. ஜாயிண்ட் அங்கதான். எடுங்க டைலை."

"எட்டு வருஷம் கழிச்சு உனக்கு எப்படித் தெரியும்?"

"எப்படி மறக்கும்? நான் நாப்பத்தேழுன்னு சொன்னேன். நாப்பத்தொண்ணா இருக்கும், கண்ணை எங்க வெச்சிருக்கேன்னு கொத்தனாருங்க முன்னாடி கத்தினீங்க. அப்புறம் நீங்களே வந்து பாத்தீங்க. நாப்பத்தேழுதான். வாயே திறக்காம படத்தைப் பிடிச்சுட்டுப் போயிட்டீங்க. மத்த வீட்டு அளவெல்லாம் எனக்கும் ஞாபகம் இல்ல. இது மட்டும் போகவே இல்ல." அவள் டேப்பை அவர் கையில் திணித்தாள்.

அவர் அளந்து, கோடு போட்டு, ஒரு டைலைப் பெயர்த்தார். பின்னால் ஜாயிண்ட் நனைந்து மின்னியது.

அடைத்து முடித்துக் கை கழுவி வந்தபோது, மனைவி கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து அவர் போனில் புது அக்கவுண்ட் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுத்தான் தட்டினாள். போனில் அழித்தாலும் அங்கே அழியக் கூடாது என்கிற செட்டிங்கைத் தேடி வைத்தாள். முதல் படமாக அந்தத் திறந்த ஜாயிண்ட்டை ஏற்றினாள்.

"பாஸ்வேர்ட் என்ன?" என்று கேட்டார்.

"நாப்பத்தேழு. அதுக்கு முன்னாடி, அன்னிக்கு நீங்க சொல்லாம விட்ட வார்த்தை."

"வெளையாடாதே. என் தொழில் படம்டி அது!"

"என் கையும் அதுல இருக்கு. சொல்லிப் பாருங்க. சரியா தப்பான்னு நான் சொல்றேன்."

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. பாய்லர் வாசல் பக்கம் பார்த்தார், தொண்டையைச் செருமினார், முணுமுணுத்தார்: "தப்பு என்னுதுதான்."

"காதுல விழலை" என்றாள். "அன்னிக்குக் கத்தினீங்களே, அதே குரல்ல சொல்லுங்க."