மஹீனின் ஆட்காட்டி விரல்

"இந்த வெரலு ஸ்ட்ரைக்கர் தள்றதுக்குன்னே பொறந்ததுண்ணா. வேற வேல செஞ்சிச்சின்னா என் பேரு மஹீன் இல்ல."

ராயபுரம் டீக்கடையில், கொதிக்கும் கிளாஸை இடக்கைக்கு மாற்றிக்கொண்டே இதை என்னிடம் அறிவித்தார் மஹீன். வலக்கைக்குச் சூடு தாங்காது என்றில்லை. ஆட்காட்டி விரல் அங்கேதான் இருக்கிறது. வயது இருபத்து மூன்று. கேரமில் மாநில அளவில் பதக்கம் வாங்கியவர். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை வரும் என்கிறார்கள். வந்துகொண்டே இருக்கிறது.

அந்த விரலுக்கு வீட்டில் அமைச்சர் மரியாதை. அது சட்டைப் பொத்தான் போடாது, பிஸ்கட் பாக்கெட் பிரிக்காது. பிரியாணிக்குக்கூட ஸ்பூன்தான். யாராவது கைகுலுக்க வந்தால் நெஞ்சில் கை வைத்து ஒரு சலாம். பணிவான பிள்ளை என்று தெருவே மெச்சுகிறது. ஆரஞ்சுப்பழம் உரித்துக் கொடுப்பது அக்கா ஜன்னத். "வெரலு வலிக்கப் போவுது ராஜா, வாயத் தொற" என்று அவர் ஊட்டும்போது அதில் கிண்டல் எவ்வளவு, பாசம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் திறமை போதாது.

ஜன்னத்தின் கணவர் பிலால், திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறார். மீனும் இறாலும் கப்பலேறும் குளிர் கண்டெய்னர்களுக்கு அங்கேதான் வைத்தியம். போன மாதம் ஓர் இடம் காலியானது. மேஸ்திரி தேசப்பன் சொல்லியனுப்பினார்: திங்கட்கிழமை மஹீன் வந்தால் மஹீனுக்கு, வராவிட்டால் வேறொருவருக்கு. அதே திங்கட்கிழமைதான் மதுரையில் மாநில அணிக்கான தேர்வுப் போட்டி.

"மெடல வெச்சிகினு இன்னாடா பண்ணப் போற? மூணு வருசமா வேல வருது வருதுன்ற. எண்ணூர் ட்ரெயினே இந்நேரம் வந்துட்டிருக்கும்" என்றார் பிலால்.

"ஸ்பானர் புடிச்சா வெரலு காச்சிப்பூடும் மச்சான். காச்சிச்சின்னா டச் போச்சி. அப்பால அது திரும்பி வராது."

பிலால் தன் காய்த்துப்போன விரல்களை மடக்கிக்கொண்டார். அவற்றைப் பார்த்துத்தான் மஹீன் சொல்கிறார் என்பது அவருக்கும் தெரியும்.

ஞாயிறு பகல் முழுவதும் கேரம் கிளப்பில் மஹீன் தனியாக ஆடினார். மதுரை டிக்கெட் சட்டைப்பையில். தொட்ட காயெல்லாம் விழுந்தது. அதுதான் அவருக்குப் பெரிய பேஜாராக இருந்தது; நாலு காய் தவறியிருந்தால் முடிவெடுப்பது சுலபம். சாயங்காலம் நான் எட்டிப் பார்த்தபோது, "இன்னாண்ணா, நீயாவது ஒண்ணு சொல்லேன்" என்றார். கேட்காதவர்களுக்கெல்லாம் யோசனை வழங்கிய வாய் என்னுடையது. அன்று இரண்டு டீ மட்டும் சொன்னது.

மறுநாள் திருவொற்றியூர்ப் பக்கம் எனக்கு ஏதோ வேலை இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் மஹீன் இருந்தார். இரண்டு கைக்கும் கையுறை; இடக்கையில் டார்ச்.

"டார்ச்சு மட்டும் புடிக்கிறேன்னு வந்துகீறான்" என்று பிலால் என் காதில் சொன்னார். "நாளைக்கு வருவானான்னு கேக்காத. அவனுக்கே தெரியாது."

அப்போதுதான் குளிர் இயந்திரத்தின் விசிறியிலிருந்து ஒரு போல்ட் நழுவி, நெருக்கமான தகடுகளுக்கு நடுவே விழுந்தது. குறடு போகவில்லை. பிலாலின் விரல் நுனியே போகவில்லை. "மொத்தத்தையும் கழட்டுங்கப்பா" என்று தேசப்பன் அலுத்துக்கொண்டார். வெளியே, கண்டெய்னரை ஏற்றிப்போக வந்த டிரெய்லர்காரர் ஹாரனில் கை வைத்தார்.

மஹீன் டார்ச்சைப் பிலாலிடம் கொடுத்தார். வலக்கைக் கையுறையை மெல்லக் கழற்றினார். தகட்டின் விளிம்பு பிளேடு மாதிரி இருந்தது. ஆட்காட்டி விரலைச் சட்டையில் ஒருமுறை துடைத்துக்கொண்டு, அடிக்கணு வரை உள்ளே விட்டார்.