கோளாறில்லாத வண்டி

மூன்று வருடங்களுக்கு முன்னால், திருவோணத்தன்று மத்தியானம் நடந்தது இது. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு போகிற ரோட்டில், பேரூர்க்கடை தாண்டி ஒரு வளைவு வரும். அந்த இடத்தை இன்றைக்கும் வாரம் ஒரு தடவை கடந்துதான் போகிறேன். ஒவ்வொரு தடவையும் முகம் சூடாகிவிடுகிறது. இதை முழுதாக எழுதுவது இப்போதுதான்.

எனக்குத் திருவனந்தபுரம் ஆரியசாலையில் வத்தல், மல்லி, புளி மொத்த வியாபாரம். அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து தொடங்கிய கடை. கீழே கடை, மாடியில் வீடு. பிள்ளைகள் கிடையாது. டிரைவர்களை நம்பிச் சரக்கு அனுப்பி அலுத்துப்போய், பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி நானே ஓட்ட ஆரம்பித்தேன். புதன்கிழமைதோறும் நெடுமங்காடு, விதுரை வழியாகக் கடைகளுக்குச் சரக்கு போட்டுக்கொண்டே போவேன். மனைவியும் கூட வருவாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வழி நெடுகப் பேச்சுதான். காய்ச்சல் என்று படுத்தவள் பத்தே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்கப்புறம் புதன்கிழமைகளில் வண்டிக்குள் இன்ஜின் சத்தம் மட்டும்தான்.

கடைக்கு ஆட்கள் வருவார்கள், விலை கேட்பார்கள், போவார்கள். சாயங்காலம் ஷட்டரை இறக்கினால் மறுநாள் காலை தூக்கும் வரை என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. காலையில் முதல் ஆளிடம் பேசும்போது தொண்டை அடைத்துக்கொண்டிருக்கும். சளி பிடித்திருக்கிறதா அண்ணாச்சி என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன்.

அவள் போன ஆறாவது மாதம் வண்டி தகராறு செய்ய ஆரம்பித்தது. நெடுமங்காடு போகிற வழியில், கரகுளத்தில் ஒரு கடையில் சாயா குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால், டிக் டிக் என்றது, அவ்வளவுதான். சாயாக் கடைக்காரர் எதிரே இருந்த ஒர்க்‌ஷாப்பைக் காட்டினார். அங்கிருந்து ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நாற்பது வயது இருக்கும். பானெட்டைத் திறந்து பார்த்தார். பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, பிரஷ் போட்டுத் தேய்த்து, கிளாம்பை மாட்டி இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினார். முதல் திருப்பிலேயே வண்டி பிடித்துக்கொண்டது.

"பேட்டரிக்கு ஒரு கொழப்பமும் இல்ல அண்ணாச்சி. தொடுப்புதான் விட்டுப் போச்சு" என்றார்.

மலையாளம் கலந்திருந்தாலும் அவர் தமிழில் பேசியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவராம். பாட்டன் காலத்தில் திருநெல்வேலியிலிருந்து தேயிலை வேலைக்கு வந்த குடும்பம். இவர் மட்டும் கீழே இறங்கி, வேலை கற்று, சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்து, பின்னாலேயே வீடும் கட்டிக்கொண்டார். அம்மா மட்டும் மலையை விட்டு இறங்க மாட்டேன் என்று எஸ்டேட் லயத்து வரிசை வீட்டிலேயே தனியாக இருக்கிறார்கள் என்றார்.

அதற்குப் பிறகு அந்த வண்டிக்கு வராத வியாதி இல்லை. மழைக்காலத்தில் ஏற்றம் ஏறும்போது விக்கி விக்கி இழுத்தது. டீசல் ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று அடியில் உள்ள திருகைத் தளர்த்தி அந்தத் தண்ணீரை வடித்துவிட்டார். மழை மாதங்களில் இதை நானே செய்துகொள்ளலாம் என்று காட்டியும் கொடுத்தார். இன்னொரு நாள் கருகிய வாசனை. கிளட்ச் தேய்ந்திருந்தது. குற்றம் வண்டியிடம் இல்லை, ஓட்டும்போதெல்லாம் கிளட்ச் பெடல் மேலேயே காலை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்பதைக் கண்டுபிடித்தார். பின்பக்க ஸ்பிரிங் பட்டை கிறீச்சிட்டதற்கு, துருவைக் கழுவிவிட்டு, தேய்ந்துபோன புஷ்ஷை மாற்றி, மூட்டைகளை வாலில் அடுக்காமல் கேபினை ஒட்டி அடுக்கச் சொன்னார். விதுரைக்கு மேலே இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரக்கூடாது, இரண்டாம் கியரில் இறங்க வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். இருபது வருடம் லைசென்ஸ் வைத்திருந்தவனுக்கு இதெல்லாம் தெரியாமல்தான் இருந்தது.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு பழைய வேனிலிருந்து கழற்றிய சீட் கிடக்கும். அதில் உட்கார்ந்திருப்பேன். அவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்துகொண்டே பேசுவார். முகம் தெரியாமல் கீழேயிருந்து வரும் அந்தக் குரலிடம் எனக்குச் சரளமாகப் பேச்சு வந்தது. மனைவியைப் பற்றிக்கூட அவரிடம்தான் முதலில் பேசினேன். கீழே ஸ்பானர் சத்தம் கொஞ்ச நேரம் நின்றது.

ஒரு வருடத்தில் வண்டி சரியாகிவிட்டது. எனக்குப் பிரச்சனை அங்கேதான் ஆரம்பித்தது.

கரகுளம் வரும்போது வண்டி எந்தக் குறையும் இல்லாமல் ஓடும். ஒர்க்‌ஷாப்பில் அவர் வேறு யாருடைய வண்டியிலோ குனிந்திருப்பார். ஒரு ஹாரன் அடிப்பேன், கையைத் தூக்குவார், கடந்துவிடுவேன். வண்டியை நிறுத்தி இறங்கிப்போய்ப் பேசியிருக்கலாம். ஆனால் என்ன காரணம் சொல்வது? வேலை நேரத்தில் ஒருவரிடம் போய், சும்மாதான் வந்தேன் என்று எப்படிச் சொல்வது? எனக்கு அந்த வார்த்தை வரவே இல்லை.

ஒரு புதன்கிழமை, முன்சக்கரத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று போய் நின்றேன். பொய். அவர் சக்கரத்தைக் கழற்றி, பேரிங்கைச் சுற்றிப் பார்த்து, மறுபடி மாட்டினார். ஒன்றும் இல்லை. ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்று வண்டியில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நெடுமங்காடு வரை போய்த் திரும்பினோம். வழி முழுக்க ஜன்னல் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார். அந்த சீட்டில் ஆள் உட்கார்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே என்றார். எப்போதும் வராது, சில நேரம்தான் வரும் என்று சொன்னேன். அரை நாள் வேலை அவருக்கு வீணாயிற்று. நான் அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. ஒரு தடவை வைப்பர் சில நேரம் நின்றுவிடுகிறது என்றேன், ஒரு தடவை ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறது என்றேன். அவர் ஒவ்வொரு தடவையும் பொறுமையாகப் பார்த்தார்.

அந்த ஓணம் வந்தது. உத்திராடத்தன்று எங்கள் சாலைக் கடைத்தெருவில் நிற்க இடம் இருக்காது. மறுநாள் திருவோணத்துக்கு அதே தெரு துடைத்துவிட்டது போல இருக்கும். எல்லா வீட்டிலும் ஓணச் சாப்பாட்டுக்கு இலை போட்டிருப்பார்கள். நான் மாடியில் மோர் சாதம் சாப்பிட்டுவிட்டு ஜன்னலில் நின்றேன். தெருவில் ஒரு நாய் கூட இல்லை. எங்காவது போகலாம் என்று வண்டியை எடுத்தேன். எங்கே போகிறேன் என்று எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் வண்டி நெடுமங்காடு ரோட்டில்தான் போனது.

பேரூர்க்கடை தாண்டி அந்த வளைவில் ஓரமாக நிறுத்தினேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. டூல் பையிலிருந்து பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுத்தேன். பானெட்டைத் திறந்து, பேட்டரி கிளாம்பின் நட்டைத் தளர்த்தினேன். அவருக்குப் போன் போட்டு, வண்டி நின்றுவிட்டது, ஸ்டார்ட் ஆகவில்லை என்று சொன்னேன். பின்னால் பிள்ளைகள் சத்தம் கேட்டது. பத்து நிமிடத்தில் வருகிறேன் என்றார்.

புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பைக்கில் வந்தார். நெற்றியில் சந்தனம் காயவில்லை. பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். ஸ்பானரை நான் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டிருந்தேன். இரண்டு பேருமே அதைப் பார்த்தோம். அவர் அதையே எடுத்து நட்டை இறுக்கினார். ஸ்டார்ட் பண்ணுங்க என்றார். வண்டி பிடித்தது.

அப்போதுதான் அவர் போன் அடித்தது.

அவர் மனைவி பேசினார் போலிருக்கிறது. ஓணத்துக்கு மலையிலிருந்து அவர் அம்மா வந்திருக்கிறார்கள். வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் இறங்கி வருவார்களாம். சாப்பிட்டதும் பைக்கில் கொண்டுபோய் இவர் பஸ் ஏற்றிவிடுவதாக இருந்தது. என் போன் வந்ததும், நீ போய் அவருக்கு என்னவென்று பார், எனக்கு ஏறத் தெரியாதா என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா பையைத் தூக்கிக்கொண்டு தனியாகவே நடந்திருக்கிறார்கள். மழையில் நனைந்த பஸ் படியில் கால் வழுக்கி, கையை ஊன்றி விழுந்துவிட்டார்கள்.

பைக்கை அங்கேயே போட்டுவிட்டு என் வண்டியில் ஏறினார். கரகுளம் ஜங்ஷனில் ஒரு கடை வாசலில் நாற்காலி போட்டு அம்மாவை உட்கார வைத்திருந்தார்கள். வலது மணிக்கட்டு வீங்கிப்போய்க் கோணலாக இருந்தது. மெலிந்த உடம்பு. மகனைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "அவுக வண்டி ஓடிச்சா?" என்று.

மூன்று பேருமாக முன் சீட்டில் நெருக்கி உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த அம்மா மூச்சை இழுப்பது என் காதில் விழுந்தது. இல்லாத சத்தத்தை இருப்பதாக நான் சொல்லிக்கொண்டு திரிந்த அதே வண்டி.

எக்ஸ்ரே எடுக்க அம்மாவை உள்ளே கூட்டிப் போனார்கள். நாங்கள் வராந்தாவில் நின்றோம். நான் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று தோன்றியது. தம்பி, அந்த நட்டை நான்தான் என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் அண்ணாச்சி" என்றார். "வீல்ல சத்தம்னு வந்தீங்களே, அன்னைக்கே தெரியும்."

பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீங்க சும்மா விளிச்சிருந்தா ஒரு எலை சேர்த்துப் போட்டிருப்பேன். எங்க வீட்ல அதுக்கு என்ன."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "இப்ப எங்கிட்ட ஒண்ணும் பேச வேண்டாம், கேட்டோ. கொஞ்ச நேரம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் வராந்தாவின் மறுகோடிக்குப் போய் நின்றுகொண்டார். அவ்வளவு நாள் தனியாக இருந்திருக்கிறேன். அந்த அரை மணி நேரம் இருந்த மாதிரி என்றைக்கும் இருந்ததில்லை.

மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்டு, ஒன்றரை மாதம் மகன் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போகும் நாட்களில் நான் வண்டியோடு போய் நின்றேன். முதல் தடவை அவர் வேண்டாம் என்றார். இரண்டாம் தடவை கதவைத் திறந்து அம்மாவை ஏற்றினார். அந்த அம்மாவுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. ஏதோ நல்ல மனுஷன், நம் கைக்காக அலைகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கட்டுப் பிரித்த வாரம், மலைக்குக் கொண்டுபோய் விடும் பொறுப்பை நான் கேட்டு வாங்கினேன். விதுரை தாண்டி ரோடு மேலே ஏறுகிற இடத்தில், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சத்தம் என்று சொன்ன பொய், வைப்பர், நட்டு, எல்லாம். பேச ஆளில்லாமல்தான் செய்தேன் அக்கா என்றேன்.

மூன்று நான்கு வளைவு கடந்தோம். பிறகு, "வலிச்சிச்சு ஐயா. ராத்திரியெல்லாம் வலிச்சிச்சு" என்றார்கள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாதது நல்லதுதான்.

இன்னும் கொஞ்ச தூரம் போனபின் தானாகவே பேசினார்கள். "லயத்துல எங்க வரிசையில நான் ஒருத்திதான். மத்த வீடெல்லாம் பூட்டிக் கெடக்கு. பஸ் வர்ற நேரத்துக்கு ரோட்டுக்குப் போய் நிப்பேன். எறங்குறவுக ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போவாக. அதுக்குன்னு பஸ்ஸ ஒடைக்கணுமா என்ன?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அவர்களும் சிரித்துவிட்டார்கள், இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தபடி.

அவர்களை இறக்கிவிட்டு இரண்டாம் கியரில் மெதுவாக இறங்கினேன். கரகுளம் வந்தபோது ஒர்க்‌ஷாப் திறந்திருந்தது. வண்டியை ஓரம் கட்டி இறங்கிப் போனேன். அவர் நிமிர்ந்து, வண்டிக்கு என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, சும்மாதான் வந்தேன் என்றேன். சொல்லும்போது குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் மறுபடி குனிந்து வேலையைப் பார்த்தார். நான் திரும்பிவிடலாமா என்று நினைத்த நேரத்தில், எதிர்க்கடைக்காரரிடம் ரெண்டு சாயா என்று விரலைக் காட்டினார்.

அதனால் என் தனிமை தீர்ந்துபோயிற்று என்று சொல்ல மாட்டேன். ஷட்டரை இறக்கியதும் வீடு இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. சில புதன்கிழமைகளில் தைரியம் வராமல், ஹாரன் மட்டும் அடித்துவிட்டுக் கடந்து போகிறேன். டீசல் ஃபில்டரில் தண்ணீர் வடிக்கவும், பேட்டரியில் உப்புக் கழுவவும் எனக்குச் சீக்கிரமே கை வந்துவிட்டது. ஒரு மனிதர் முன்னால் வெறும் கையோடு போய் நின்று ‘சும்மாதான் வந்தேன்’ என்று சொல்வதைத்தான் இந்த வயதில், ஒவ்வொரு புதன்கிழமையும், புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.